ஏழுகண் மதகுக்குக் காவல்

பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருக்கிறது. காளியம்மாள் ஏறவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்தி, முக்கால் உடம்பு வெளியே தொங்க, பாலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் விசில் ஊதி ஓய்ந்துவிட்டார். "மேடம், போன வாரம் பாத்த பாலந்தானே? அது எங்க போயிடப் போவுது?" "பாலம் போவாது தம்பி. அடியில எவனாச்சும் எதையாச்சும் வச்சுட்டுப் போயிருந்தா?" என்று சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டியபடி ஏறுகிறார். பஸ்ஸில் பாதிப் பேர் சன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்க்கிறார்கள்.

தஞ்சாவூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. வயது நாற்பத்தைந்து. மும்பைத் தாக்குதலுக்கு அடுத்த ஆண்டு சென்னையிலிருந்து ஒரு தடித்த படிவம் வந்தது. தீவிரவாதிகள் கைவைத்தால் மாவட்டமே தவித்துப்போகிற இடங்கள் எவை, அவற்றைக் காக்க என்ன ஏற்பாடு என்று மாநிலத் திட்டத்துக்காக விவரம் கேட்டிருந்தார்கள். அந்தப் படிவம் மேசை மேசையாகத் தள்ளப்பட்டுக் கடைசியில் காளியம்மாளிடம் வந்து நின்றது. வேறு யாராக இருந்தாலும் பழைய ஃபைல்களைப் பார்த்து இரண்டே நாளில் நிரப்பி அனுப்பியிருப்பார்கள். இவர் குடையும் டிபன் பாக்ஸும் ஒரு நோட்டுமாகப் பஸ் ஏறிவிட்டார். துணைமின் நிலையம், ரயில் பாலம், எரிவாயுக் குழாய், குடிநீர்த் தொட்டி, ஆற்று மதகு என்று நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எழுதினார்.

இந்தப் பழக்கம் வீட்டையும் விடவில்லை. கணவர் ரெத்தினம் பள்ளிக்கூடத்து எழுத்தர், அமைதியான மனிதர். காளியம்மாளைப் பற்றி எழுதப் போன என்னிடம் அவரே புலம்பினார்: "கல்யாணத்துக்குப் போனா பந்திக்கு முன்னாடி மண்டபத்துக்குப் பின்வாசல் எங்கன்னு கேக்குறா இவ. பொண்ணு ஓடிப்போச்சோன்னு சம்பந்தி வீட்டுக்காரங்க பதறிட்டாங்க."

எனக்கும் முதலில் சிரிப்புதான். வெண்ணாற்றங்கரையில் நண்டு பிடிக்கவா தீவிரவாதி வரப்போகிறான் என்று கேட்டுவைத்தேன். காளியம்மாள் குடையை மடக்கிவிட்டு என்னை நிதானமாகப் பார்த்தார். "சென்னை சாருங்களும் இதத்தான் கேட்டாங்க. தண்ணி நெறஞ்சு வர்ற அன்னிக்கு ஒரு மதகு ஒடஞ்சா எத்தன ஊரு முழுவும்னு நெனைக்கிறீங்க? முழுவி வடிஞ்சப்புறம் சம்பாவுக்குத் தண்ணி இருக்காது. நீங்க என்னத்தத் தின்னுட்டு எழுதுவீங்க?" அன்று மதியம் அவர் கொடுத்த எலுமிச்சைச் சோற்றை நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.

பட்டியலில் முப்பத்தேழாவது இடம்தான் அவரைப் படுத்திவிட்டது. வெண்ணாற்றின் குறுக்கே நிற்கும் ஏழுகண் மதகு அது. ஏழு ஷட்டர்கள், அவற்றின் மேலே இரண்டு பேர் உரசாமல் நடக்கும் அகலத்துக்கு ஒரு பாதை. தென்கரைக் காலனியின் எண்பது குடும்பங்களும் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி எதற்கானாலும் அந்தப் பாதை வழியாகத்தான் வடகரைக்கு வரவேண்டும். அது இல்லையென்றால் ஆறு கிலோமீட்டர் சுற்று. சென்னையிலிருந்து வந்த பாதுகாப்பு அதிகாரி மதகைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் முடித்துவிட்டார்: பொதுமக்கள் நடமாட்டம் ஆபத்து, இரும்புக் கேட் போட்டுப் பாதையை மூடவேண்டும்.

காளியம்மாள் பிறந்தது அந்தக் காலனியில். கூலிப் போராட்டம் நடந்த ஆண்டுகளில் இதே மதகில் ரிசர்வ் போலீஸ் கூடாரம் அடித்திருந்தது. அவருடைய அம்மா காத்தாயி நடவுக்குப் போகும்போதெல்லாம் எந்தப் பண்ணை ஆள் என்று சொல்லிவிட்டுத்தான் மதகைத் தாண்ட வேண்டும். "நான் அப்ப இடுப்புல இருந்தேனாம். எங்களுக்குப் பயந்துகிட்டுதான் அன்னிக்கு மதகுக்குக் காவல் போட்டாங்க. திரும்பவும் அதே கதைய என் கையாலயே எழுதச் சொல்றாங்களே" என்றார். அரசு விடுதிச் சோற்றில் படித்து, தேர்வு எழுதி இந்த நாற்காலிக்கு வந்தவர் அவர்.

அழுதுகொண்டு உட்காராமல், பாதையை மூடக் கூடாது என்று அதிகாரிக்குக் குறிப்பு எழுதினார். அதிகாரி வரவழைத்துக் கேட்டார்: "சொந்த ஊருன்னு பேசுறீங்களாம்மா?" காளியம்மாள் மறைக்கவில்லை. "ஆமா சார், எங்க ஊருதான். ஆனா ஒண்ணு சொல்றேன். ஆள் நடக்குற எடத்துல புதுசா ஒருத்தன் வந்தா கேக்குறதுக்கு நாலு பேரு இருப்பாங்க. மூடிப் போட்டீங்கன்னா எவன் வந்தாலும் காக்காதான் பாக்கும்." அதிகாரி கோபக்காரர் இல்லை. "சரி. ஒத்திகை வைக்கிறோம். எங்க ஆளு வேஷம் போட்டு வருவான். உங்க ஊருக்காரங்க புடிச்சா பாதை இருக்கட்டும். கோட்டை விட்டா கேட். எந்த வாரம்னு மட்டும் சொல்றேன், விஷயம் வெளிய போகக் கூடாது" என்றார்.

காளியம்மாளின் சித்தி மகள் ராமாயிதான் அந்தப் பக்கத்து நடவு ஆட்களுக்குத் தலைவி. ஒரு போன் போதும். ரெத்தினமே, "ஒரு வார்த்த காதுல போட்டு வையேன். எண்பது வீட்டுப் பாடு" என்றிருக்கிறார். காளியம்மாள் போனைத் தொடவில்லை. "சொல்லிக்குடுத்துப் பாஸ் பண்ணிட்டு, நாளைக்கு நெசமாவே ஒருத்தன் வந்தா யாருங்க பொறுப்பு?" என்றாராம். அந்த வாரம் முழுக்க டிபன் பாக்ஸ் திறக்கப்படாமலே வீடு திரும்பியது. போன் மணி அடித்தாலே எழுந்து நின்றார் என்று பக்கத்து மேசை கமருன்னிஸா சொன்னார்.

வேஷம் கட்டிய போலீஸ்காரரைக் குறை சொல்ல முடியாது. மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி, முழங்கால் வரை சேறு, எல்லாம் கச்சிதம். கையில் ஒரு மஞ்சள் பை. மதகைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் வைரக்கண்ணுவிடம் பீடிக்கு நெருப்பு வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு தாண்டியிருக்கிறார். மதகை ஒட்டிய வயலில் ராமாயியையும் சேர்த்துப் பதினான்கு பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். பேசாமல் போயிருந்தால் தப்பித்திருப்பார். இயல்பாக இருக்கட்டுமென்று, "தென்கரை வாய்க்காலுக்குத் தண்ணி தெறக்கப் போறேங்க" என்று ஒரு குரல் கொடுத்தார்.

ஆற்றில் தண்ணீர் குறைந்த ஆண்டு அது. வாரம் ஒரு கரை என்று முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். இன்று எந்தக் கரை முறை என்பது கைக்குழந்தையைத் தவிர அங்கே எல்லாருக்கும் தெரியும். சென்னையில் ஒத்திகை எழுதியவர்களுக்கு அது தெரியாது.

ராமாயி நிமிர்ந்தார். "தென்கரை முறை நேத்து சாயங்காலத்தோட முடிஞ்சு போச்சு. இன்னிக்கு வடகரை. முறையில்லாத நாள்ல எங்காளு எவனும் மண்வெட்டியோட மதகு பக்கம் வர மாட்டான், வந்தா வெட்டுக்குத்துல போயி முடியும். நீ யாருப்பா? யாரு வீடு?" வாயில் வந்த பேரைச் சொல்லியிருக்கிறார். அப்படி ஒருவர் அந்த ஊரிலேயே இல்லை. அடுத்த நிமிடம் வரப்பில் முன்னால் ஏழு பேர், பின்னால் ஏழு பேர். மண்வெட்டி ஒருத்தி கைக்குப் போனது. பையில் செய்தித்தாள் சுற்றிய செங்கல் ஒன்று, அதன்மேல் சிவப்பு மையில் "வெடிகுண்டு" என்று எழுதியிருந்தது. அவர் பதறிப்போய் அடையாள அட்டையைக் காட்டினார். ராமாயி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேஷம் போடத் தெரிஞ்சவனுக்கு அட்ட அடிக்கத் தெரியாதா? உக்காரு" என்று உட்காரவைத்தார். தூக்கிலிருந்து டீயும் ஊற்றிக் கொடுத்தார்கள். எழுந்திருக்கத்தான் விடவில்லை. ராமாயி சுருக்குப் பையிலிருந்து செல்போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார்.

அங்கிருந்து காளியம்மாளுக்குப் போன் வந்தது. "மேடம், உங்க ஊரு பொம்பளைங்க எங்க ஆள விட மாட்டேங்கிறாங்க. கொஞ்சம் வந்து சொல்லுங்க." போனை வைத்துவிட்டுச் சிரித்தார், அப்படியே அழுதார், பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார் என்கிறார் கமருன்னிஸா.

அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. பாதை திறந்திருக்கும் என்று உத்தரவு போட்டார். படிவத்தில் "பொதுமக்கள் நடமாட்டம்" என்ற வரியை ஆபத்துகளின் கட்டத்திலிருந்து அடித்து, காவல் ஏற்பாடுகளின் கட்டத்தில் காளியம்மாளையே எழுதச் சொன்னார். அதற்குக் கீழே பதினான்கு பெண்களின் பெயரும் போன் நம்பரும் ஏறின. மற்ற மதகுகளுக்கும் இதேபோல் ஆள் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம்.

உத்தரவு கையில் கிடைத்த அன்று சாயங்காலம் நானும் கூடப் போனேன். கேட் தூண்கள் நடுவதற்காகப் பாதையின் வாயிலில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு குழிகள் தோண்டி வைத்திருந்தார்கள். "நாளைக்கு ஆள வச்சு மூடிடுறேன் மேடம்" என்றார் வைரக்கண்ணு. காளியம்மாள் கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றினார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குவிந்து கிடந்த மண்ணை இரண்டு கையாலும் குழிகளுக்குள் வாரித் தள்ளினார். நடவு முடித்து வந்த பெண்கள் நாற்றுச் சேறு காயாத காலோடு வரிசையாக நின்றுவிட்டார்கள். காளியம்மாள் குழிகளின் மேல் ஏறி நின்று, மாற்றி மாற்றி மிதித்தார். மண் பாதையோடு மட்டமானதும் ஓரமாக ஒதுங்கி நின்று, பதினான்கு பேருக்கும் வழிவிட்டார்.