கோ சொல்லியும் எழாதவர்கள்

மாலை நாலேகால் மணிக்கு டிரில் டீச்சர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எல்லோரும் வேப்பமரத்தடித் தண்ணீர்ப் பானைக்கு ஓடினார்கள். அப்போதுதான் அந்த முதுகுகள் என் கண்ணில் பட்டன. கருநீலச் சட்டைகளில் வெள்ளைத் தடங்கள். மூன்று பேர் முதுகில் விரிந்த உள்ளங்கை பதிந்திருந்தது, விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தன. நான்காவது முதுகில் உள்ளங்கை இல்லை. வரிசையாக நான்கு வெள்ளைப் புள்ளிகள், சற்றுத் தள்ளி மேலும் நான்கு. கையை மடக்கிக் குத்தினால்தான் அப்படிப் பதியும்.

சாத்தூர்ப் பக்கம் விடுதியோடு இருந்த ஒரு பெண்கள் பள்ளி அது. அறுபதுகளின் தொடக்கம். விருதுநகரில் நடக்கவிருந்த போட்டிக்காகக் கோகோ பயிற்சி நடந்துகொண்டிருந்தது. நான் உபரி ஆட்டக்காரி. டீச்சரின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பதே என் வேலை. கோகோவில் எட்டுப் பேர் ஒரு கோட்டில், ஒருவர் கிழக்கும் அடுத்தவர் மேற்கும் பார்த்துக் குந்தியிருப்பார்கள். எதிரணியைத் துரத்துகிறவள் இவர்களில் ஒருத்தியின் முதுகைத் தொட்டு "கோ" என்பாள். தொடப்பட்டவள் எழுந்து துரத்த வேண்டும். தொட்டவள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வாள். முதுகுக்குப் பின்னால் வருவதை உட்கார்ந்திருப்பவளால் பார்க்க முடியாது.

அன்று தோட்டக்காரர் வரவில்லை. எங்கள் கேப்டன்தான் வாளியில் கைவிட்டுச் சுண்ணாம்புப் பொடியை அள்ளிக் கோடு போட்டாள். வியர்வை ஊறிய கை. பிறகு அவள் தொட்ட இடமெல்லாம் பதிந்துவிட்டது.

முட்டித் தடம் விழுந்திருந்தது தாயில்பட்டியிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த பெண்ணின் முதுகில். அவளை நாங்கள் தாயில்பட்டிக்காரி என்றே கூப்பிட்டோம். அணியில் வேகமாக ஓடக்கூடியவள் அவள். அவள் வரும்வரை வேகக்காரி என்ற பெயர் கேப்டனுக்கு இருந்தது. கேப்டன் அவளுக்குக் கோ கொடுக்கும்போது மட்டும் சத்தம் வேறு மாதிரி, கனமாகக் கேட்கும். "பட்டாசு ஊர்க்காரிதான? ஓங்கித் தட்டுனாத்தான் கிளம்புவா" என்பாள் கேப்டன். வரிசையே சிரிக்கும். விடுதித் தொட்டியில் குளிக்கும்போது அவள் முதுகில் கன்றியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "தொட்டி இடிச்சிருச்சு" என்பாள்.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அக்கா அப்போதே ஊரில் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். இவளையும் அனுப்புவதாகத்தான் வீட்டில் பேச்சு. டீச்சர் நேரில் போய்க் கேட்டதால், போட்டி முடியும்வரை விட்டுவைக்க அவளுடைய தந்தை சம்மதித்திருந்தார். "அடிகிடி பட்டுச்சுன்னு கேள்விப்பட்டா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லித்தான் விட்டார். புகார் சொன்னால் கேப்டனுக்குக் கிடைப்பது திட்டு, அவளுக்குக் கிடைப்பது தாயில்பட்டி.

பானையருகே முதலில் வாயைத் திறந்தது வரிசையில் கடைசியாக உட்காரும் வாயாடி.

"ஏட்டி, உன் முதுகுல என்னட்டி, இட்லிச்சட்டி மாதிரி குழி குழியா இருக்கு?"

யாரோ சிரித்தார்கள். பிறகு ஒருத்தி மற்றவள் முதுகைப் பார்த்தாள். அவள் அடுத்தவளுடையதைப் பார்த்தாள். எல்லோரும் கேப்டனின் வலது கையைப் பார்த்தார்கள். விரல் முட்டிகள் வெள்ளையாக இருந்தன. சிரிப்பு நின்றுவிட்டது.

"என்ன அது?" என்றார் டீச்சர்.

"சுண்ணாம்பு டீச்சர்" என்றாள் தாயில்பட்டிக்காரி.

டீச்சர் அவள் முதுகை நிதானமாகப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. "உக்காருங்க. கேப்டன், நீ துரத்து" என்று சொல்லி விசில் ஊதினார்.

கேப்டன் முதல் முதுகைத் தொட்டாள். "கோ!"

அது வாயாடியின் தங்கை. எழவில்லை. கேட்காதவள் போலக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேப்டன் அடுத்த முதுகுக்கு ஓடினாள். "கோ!" அதுவும் அசையவில்லை. மூன்றாவது, நான்காவது. "ஏ, எந்திரிங்கட்டி! எல்லாருக்கும் காது அவிஞ்சு போச்சா?" அவள் கோட்டின் முனையில் நட்டிருந்த கம்பத்தைச் சுற்றி மறுபக்கம் வந்தாள். அங்கேயும் கோ சொன்னாள், குரல் இறங்கிவிட்டது. எதிரணியாக ஓடிக்கொண்டிருந்த சின்ன வகுப்புப் பிள்ளைகள் ஓடுவதை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள். வாயாடியும் எழவில்லை, பேசவும் இல்லை. டீச்சரின் விசில் உதட்டிலேயே இருந்தது. அவர் ஊதவில்லை.

பின்னாளில் பத்திரிகை வேலையில் ஆலை வேலைநிறுத்தங்கள் பலவற்றைப் பார்த்து எழுதினேன். அவற்றுக்கு முன்பு கூட்டம் நடந்திருக்கும், தீர்மானம் போட்டிருப்பார்கள். இங்கே ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்க்கவே முடியாது. பாதிப் பேர் கிழக்கே, பாதிப் பேர் மேற்கே. பானையருகே யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, நான் அங்கேதான் இருந்தேன். எப்படி அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள் என்பது இன்றும் எனக்குப் பிடிபடவில்லை.

மிச்சமிருந்தது தாயில்பட்டிக்காரி மட்டும். கேப்டன் அவள் பின்னால் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. கை மடங்கியபடி உயர்ந்தது, அப்படியே நின்றது. பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. புள்ளிகளுக்கு மேலே உள்ளங்கையை வைத்தாள்.

"கோ" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தாயில்பட்டிக்காரி எழுந்து ஓடினாள்.

அவளும் உட்கார்ந்தே இருப்பாள் என்றுதான் நினைத்தேன். எழுந்ததற்கு அவள் பெருந்தன்மை காரணமா, ஆட்டத்தின் மீதிருந்த ஆசை காரணமா என்று தெரியாது. எப்படி ஓடினாள் என்பது மட்டும் தெரியும். நின்றுகொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் அலறிக்கொண்டு சிதறினார்கள். அவள் கோ சொன்ன முதல் முதுகு அந்த நொடியே எழுந்தது.

மறுநாளிலிருந்து சுண்ணாம்பு வாளி டீச்சரின் நாற்காலிக்கு முன்னால் வந்தது. "ஆட்டம் தொடங்குமுன்ன எல்லாரும் கைய முக்குங்க. எவ எப்படித் தொட்டான்னு எனக்கு இங்கன இருந்தே தெரியணும்" என்றார். தினமும் சட்டை துவைத்துச் சலித்தோம். வாயாடி டீச்சரின் காதில் விழாதபடி, "போட்டியில கப்பு தராட்டியும் சோப்பு தருவாகளா?" என்று கேட்டாள். கேப்டன் இரண்டு நாள் பயிற்சிக்கு வரவில்லை. வந்த பிறகு கையை முக்கிவிட்டு உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் பேசி நான் பார்த்ததில்லை.

விருதுநகரில் இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். தாயில்பட்டிக்காரியின் தந்தை வந்திருந்தார். அவர் விரல் இடுக்குகளில் பட்டாசுக்குப் போடும் வெள்ளி மருந்து போகாமல் இருந்தது. டீச்சரைக் கும்பிட்டுவிட்டு மகளிடம் கேட்டார்.

"அடிகிடி எதுவும் பட்டுச்சா?"

"இல்லய்யா."

"சும்மா சொல்லாத. திரும்பு."

திரும்பி நின்றாள். எங்கள் அணி முழுவதும் அங்கே நின்றது, கேப்டனும்தான். அவர் கழுத்துக்குக் கீழே சட்டையைச் சற்று விலக்கிப் பார்த்தார். கன்றல் எதுவும் இல்லை.

"போட்டி முடிஞ்சிருச்சுல்ல டீச்சர்?" என்றார்.

"அடுத்த வருசமும் இருக்கு" என்றார் டீச்சர்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று, தகரப் பெட்டியோடு அவள் விடுதியில் வந்து இறங்கினாள்.