அருளப்பன் ஒருவர்தான் என்று நிரூபித்த டாக்டர் ஃபரீனா

“டீச்சர், ஒங்கட சர்நேம் என்னது?”

டாக்டர் ஃபரீனா என்னிடம் முதன்முதலில் கேட்ட கேள்வி இது. நேற்றுக் காலை, திகனயில் தன் வீட்டில் அவர் இறந்துவிட்டார்.

கலஹாவிலிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டார்கள். அவருடைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்... வேறென்ன செய்ய.

என் பழைய மாணவர்கள் பலருக்கு அவரைத் தெரியாது. தேயிலைத் தோட்டப்புற ஆஸ்பத்திரிகளில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அதற்குப் பிறகு ஒரு மருத்துவ ஜர்னலுக்குக் கட்டுரை எழுதினார். அதன் ரெஃபரன்ஸ் பட்டியலை ஒழுங்குபடுத்த, ஆங்கிலம் படிப்பித்த பொறுமையான ஆள் ஒருவர் வேண்டும் என்று விசாரித்து என்னைப் பிடித்தார்.

அந்தக் கேள்விக்கு நான், “எங்களுக்கு அப்படி ஒண்ணு இல்லீங்க டாக்டர். அப்பா பேரோட எழுத்து முன்னால, நம்ம பேரு பின்னால. அவ்வளவுதான்” என்றேன்.

“அப்ப ஒங்களுக்கு வெளங்கும். இந்த சொப்ட்வெயாருக்குத்தான் வெளங்குதில்ல. எங்கட வாப்பா திகன டவுன்ல ஆணி வித்த மனிசன். நான் முந்தி எழுதின டெங்கு பேப்பர், இப்ப அவர் எழுதினதா ஈக்குது.”

விஷயம் இதுதான். ஜர்னல்களில் குடும்பப் பெயரை முழுதாக முன்னால் போட்டு, சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்குவார்கள். அப்படிச் செய்யும்போது தகப்பனாரான வாப்பா முழுதாக நின்றார், டாக்டர் வெறும் எழுத்தாகிவிட்டார்.

அன்றைக்குச் சிரித்தோம். ஆனால் அவருடைய கட்டுரையே பிறகு இதில்தான் சிக்கி நின்றது.

கட்டுரை, அருளப்பன் என்ற தோட்ட வைத்தியரைப் பற்றியது. 1920களின் கடைசியில் பன்வில பக்கம் ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் இருந்தவர். கொக்கிப்புழுவால் இரத்தம் குறைந்து துவண்டுபோன தொழிலாளர்களுக்கு மருந்து கொடுத்து, அதைப் பற்றி ஒரு சிறு கட்டுரை எழுதினார்.

முப்பதுகளில், அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்த அதே லயங்களுக்குத் திரும்பப் போனார். புழு மறுபடி வந்திருக்கிறதா என்று பார்த்து, இன்னொரு கட்டுரை எழுதினார்.

மருந்து கொடுத்ததோடு நிற்காமல் திரும்பிப் போய்ப் பார்த்த மனிதர்... டாக்டர் ஃபரீனா சொல்ல வந்ததே அதைத்தான்.

முதல் கட்டுரையில் அவர் பெயர் சூ. அருளப்பன். இரண்டாவதில் யாரோ திருப்பிப்போட்டு, அ. சூசை. சூசை அவருடைய தகப்பனார். நமக்குப் பார்த்தவுடனே புரியும். எங்கேயோ உட்கார்ந்து ஜர்னலுக்காகக் கட்டுரையைச் சரிபார்க்கிற ரிவியூவருக்கு எப்படிப் புரியும்?

“இவர்கள் இரண்டு பேர். ஒருவர்தான் என்பதற்கு ஆதாரம் காட்டுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பகுதியை நீக்கிவிடுங்கள்” என்று பதில் வந்தது. அந்தப் பகுதியை நீக்கினால் கட்டுரையில் மிச்சம் ஒன்றுமில்லை.

வகுப்பில் சொல்வது மாதிரி ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு பிள்ளையின் வரவை ஒரு டீச்சர் அவன் பேரிலும் இன்னொரு டீச்சர் அவன் அப்பா பேரிலும் பதிந்தால் என்ன ஆகும்? ஒழுங்காகப் பள்ளிக்கூடம் வந்த ஒரு பிள்ளை போய், பாதி நாள் மட்டம் போட்ட இரண்டு பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அருளப்பனுக்கு அதுதான் நடந்தது.

“நமக்குத்தான் தெரியுமே டாக்டர். ரெண்டு இடத்துலயும் அருளப்பன்னே போட்டுடுவோமே” என்றேன்.

“போடலாம். நாளைக்கி ஒரு புள்ள அந்த வொலியூம எடுத்து அருளப்பன்னு தேடினா, அப்படி ஒரு ஆளே அங்க இல்ல. அப்ப நாங்கதான் பொய்யர். அச்சுல என்ன ஈக்கோ அதத்தான் போடணும் டீச்சர்.”

எங்களிடம் இருந்தது போட்டோ கொப்பி. மூலத் தொகுப்பு பேராதனையில் ஒரு நூலகத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு இரண்டு பேரும் போனோம். முழங்கால் வலியோடு படியேறிக்கொண்டே, “லிஃப்ட் வெக்காதவனுக்கு ஒரு ரெஃபரன்ஸும் கெடைக்கக் கூடாது” என்று திட்டினார்.

அந்தப் பழைய ஜர்னலில் கட்டுரை முடிவில் பட்டியல் கிடையாது. அந்தந்தப் பக்கத்தின் அடியிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். எங்கள் கொப்பியில் அந்த அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

மூலத்தில் இருந்தது. இரண்டாவது கட்டுரையின் முதல் பக்கத்தில், கீழே... நான் முன்பு எழுதியதைப் பார்க்கவும் என்று, தொகுதி எண்ணும் பக்க எண்ணும். அந்தத் தொகுதியை எடுத்துப் புரட்டினோம். அதே பக்கத்தில் அருளப்பனின் முதல் கட்டுரை.

டாக்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “மனிசன் தானே தனக்கு சாட்சி வெச்சிட்டுப் போயீக்கார்” என்றார். தொகுதியை மூடி வைத்தார். பிறகு, “வாங்கோ, பசிக்குது.”

பட்டியலில் இரண்டு பெயரையும் அச்சில் இருந்தபடியே விட்டோம். இரண்டும் ஒருவர்தான் என்பதைக் கட்டுரைக்குள்ளே, அந்த அடிக்குறிப்பைக் காட்டி எழுதினோம். ஜர்னல் ஏற்றுக்கொண்டது.

அச்சில் வந்த அன்று போன் பண்ணினார். “டீச்சர், அருளப்பன் பாஸ்.”

நான் பென்ஷன் எடுத்தபின் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியாமல் இருந்த காலம் அது. திகன பஸ்ஸில் ஏறும்போது, வேலைக்குப் போகிற ஆள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அதற்கு நன்றி டாக்டர். ஒவ்வொரு முறையும் கேட்காமலே ஊற்றித் தந்த இஞ்சிப் பிளேன்டீக்கும்.

நிம்மதியாகத் தூங்குங்கள்.

கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் என் பிள்ளைகளுக்கு ஒன்று: இன்றைக்கு உங்கள் பட்டியலில் ஏதாவது ஒரு ரெஃபரன்ஸை எடுங்கள், அதன் மூலத்தைத் திறந்து, முதல் பக்கத்தை அடிவரை வாசித்துப் பாருங்கள்.