நிழல் விழாத வெளிச்சம்

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து மூன்று தடவை சாரல் விழுந்து நின்றிருந்தது. நாலாவது தடவைக்கு மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் ஒரு விளக்குக் கடையின் வாசலில் நானும் என் மனைவியும் ஆட்டோவை விட்டு இறங்கினோம். கடைக்கு நான்கு படிகள். எண்ணிச் சொல்லி அவள் கையைப் பிடித்து ஏற்றினேன்.

என் சட்டைப் பையில் வீட்டின் வரைபடம் இருந்தது. சர்வேத் துறையில் முப்பத்தொரு வருடம் பிறத்தியார் நிலத்தை அளந்தவன், ஓய்வுபெற்றுப் பதினேழு வருடம் கழித்து என் வீட்டை முதல்முறையாக அளந்து வரைந்திருந்தேன். எட்டு இடங்களில் சிவப்பு மையில் புள்ளி வைத்திருந்தேன். நிழலே விழாதபடி எங்கெங்கே விளக்கு வர வேண்டும் என்று இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கிட்ட புள்ளிகள்.

நிழல் விழக்கூடாது என்று சொன்னவர் கண் மருத்துவர். என் மனைவிக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஜனவரியில்தான் கண்டுபிடித்தார்கள். வலது கண்ணில் பார்வை அதற்கு முன்பே போய்விட்டிருந்தது. இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார். தினம் மூன்று வேளை, வேளைக்கு இரண்டு சொட்டு. ஜூனில் பரிசோதித்தபோதும் அந்த மிச்சம் அப்படியே இருந்தது. வீட்டில் சீரான, நிழல் விழாத வெளிச்சம் இருந்தால் சமையலைக்கூட அவரே பார்த்துக்கொள்வார் என்று மருத்துவர் சொன்னதும் அவள் முகத்தில் ஐந்து மாதம் காணாத சிரிப்பு வந்தது.

மூன்று வருடம் முன்னால் போயிருந்தால் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்றும் அவர் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

மூன்று வருடம் முன்னால் அவள் என்னிடம் சொல்லாமல் இல்லை. அடுக்களையில் நின்றுகொண்டு, "இந்த பல்பு காணாது, கூடுனது போடுங்க" என்றாள். ஏழு வாட்டைக் கழற்றி ஒன்பது வாட் போட்டேன். நாலு மாதத்தில் மறுபடியும் காணாது என்றாள். பன்னிரண்டு போட்டேன். பிறகு இருபது. இந்தக் காலத்துப் பல்புகள் சீக்கிரம் மங்கிவிடுகின்றன என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். கரண்ட் யூனிட் ஐந்நூறைத் தாண்டினால் கட்டணம் எப்படி ஏறும் என்று அவளுக்குத் தாளில் போட்டுக் காட்டினேன். ஒரே வாரத்தில் சோற்றில் ஆறு கல் கிடந்தது. ஆறையும் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். அவள் வலது தோள் வாசல் நிலையில் அடிக்கடி இடித்தது. டேப்பை எடுத்து வாசலை அளந்து, இரண்டடி ஒன்பது அங்குலம் இருக்கிறது, நடுவில் நடந்தால் இடிக்காது என்றேன். அவள் அன்றிலிருந்து நடுவில் நடக்கப் பழகினாள்.

அவள் வெளிச்சம் இல்லை என்று ஒவ்வொரு தடவை சொன்னபோதும் நான் பல்பைப் பார்த்தேன். அவள் கண்ணை ஒரு தடவையும் பார்க்கவில்லை.

கடையில் எங்களைக் கவனித்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து, "எஞ்சினியரா சார்?" என்றாள். இல்லை என்றேன். என் மனைவி, "அவ்வோ எட்டடிச் செவருக்கு எட்டு நாளு யோசிப்பாவ மக்கா, நீ எடுத்துக் காட்டு" என்றாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பேனல் லைட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள்.

எங்கள் பக்கம் அந்தியில் விளக்குப் போட்டதும் கும்பிடுவது வழக்கம். குத்துவிளக்கானாலும் டியூப் லைட்டானாலும் அதே கும்பிடுதான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மனைவி ஒரு அந்தியும் தவறியதில்லை. மணி ஐந்தரை ஆகியிருந்தது. மழையில் வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரப் பெண் ஒவ்வொரு ஸ்விட்சைப் போடும்போதும் இவள் கை கூப்பினாள்.

"அம்மா, இப்பிடியே போனா கடையில உள்ள முந்நூறு லைட்டையும் கும்பிடணும்" என்றாள் அந்தப் பெண்.

"கை தானா போவுது மக்கா" என்றாள் இவள்.

பதினைந்து வாட் பேனல் ஆறு எடுத்தோம். அடுக்களைக்கு நீள லைட் இரண்டு. மஞ்சளா வெள்ளையா என்று நான் கேட்டதற்கு அவள், "வெள்ளை. அரிசியில கல்லு தெரியணும்லா" என்றாள். குனிந்து வரைபடத்தில் வெள்ளை என்று எழுதினேன்.

கடைசியாகச் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிடுகிற விளக்கு. அது என் வரைபடத்தில் இல்லை. அவள்தான் கேட்டாள். வெண்கல நிறத்தில் மணி மாதிரிக் கவிழ்ந்த கூடு கொண்ட ஒன்றை அந்தப் பெண் கொக்கியில் மாட்டி, இவள் முகத்துக்கு நேராக, இரண்டடி தூரத்தில் தொங்கவிட்டாள். சுவரில் ஸ்விட்சைத் தட்டினாள். சத்தம் கேட்டது.

விளக்கு எரியவில்லை. வயர் சரியாகப் பொருந்தவில்லை போல.

என் மனைவி இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு, "இது போதும். நல்ல வெளிச்சம்" என்றாள்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையை அசைத்தேன். அவள் மூடிக்கொண்டாள். வயரைச் சரிசெய்து, சத்தம் வராமல் விளக்கை எரியவிட்டாள். நல்ல விளக்குதான். அந்த வெளிச்சத்தில் என் மனைவியின் இடது கண்ணை மிக அருகில் பார்த்தேன். இமை சுருங்கவில்லை.

"இதையும் சேர்த்துப் பில் போடும்மா" என்றேன்.

திரும்பும்போது சாரல் பெருமழையாகிவிட்டது. ஆட்டோவின் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டிருந்தார்கள். ஒழுகினசேரி தாண்டியதும் கேட்டேன்.

"எப்ப இருந்து ட்டி?"

எதை என்று அவள் கேட்கவில்லை. மடியில் இருந்த விளக்குப் பெட்டியைத் தடவிக்கொண்டே, "ஆனி கடைசியில இருந்து. மொதல்ல புகை மாதிரி இருந்து. பொறவு அதுவும் இல்ல" என்றாள்.

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீங்க திரும்பவும் பல்பு வாங்கப் போயிருவியளே."

அதில் குத்தல் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவளே, இரண்டு நாள் உட்கார்ந்து படம் வரைந்தீர்கள், அதில் எப்படி மண்ணைப் போடுவது என்றாள். பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மருத்துவரிடம் போனோம். அவர் பார்த்தார், மறுபடி பார்த்தார், சொட்டு மருந்தை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தலாம் என்ற சொல்லை இவ்வளவு பயங்கரமாக நான் கேட்டதில்லை.

விளக்குகளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் மறுத்துவிட்டாள். அளந்து புள்ளி வைத்த இடத்தில் மாட்டுங்கள், நீங்கள் தட்டுத் தடுமாறாமல் நடக்க வேண்டாமா, இனி அடுக்களைக்கும் நீங்கள்தானே என்றாள். புதன்கிழமை எலக்ட்ரீசியன் வந்து வரைபடத்தில் உள்ளபடியே மாட்டிவிட்டுப் போனார். ஆறு பேனல், இரண்டு நீள லைட், ஒரு தொங்கு விளக்கு. வீடு முழுக்க நூற்று நாற்பத்திரண்டு வாட். எந்த மூலையிலும் நிழல் இல்லை. அரிசியை முறத்தில் பரப்பினால் கல் தனியாகத் தெரிகிறது. அன்று மூன்று கல் பொறுக்கினேன்.

அந்தியில் அவளை மேசைக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு ஸ்விட்சைத் தட்டினேன். சத்தம் கேட்டதும் கும்பிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்குக் கேட்க வேண்டும் என்று கொஞ்சம் பலமாகத்தான் தட்டுகிறேன்.

விளக்கு, வயர், கூலி, ஆட்டோ எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்து நானூற்று நாற்பது ரூபாய்.