காயத்திலிருந்து கையை எடுக்காதே

நான் வேலை செய்த சாவகச்சேரி மரக்காலைக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். வலது உள்ளங்கையை மரம் அரியும் வாள் கிழித்திருந்தது. சாரத்துண்டால் இறுகச் சுற்றியிருந்தேன்.

"கை சுகமானால் வா" என்று அனுப்பிவிட்டார் முதலாளி. சுகமாகாவிட்டால்...? நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன். என்னிடம் உள்ள ஒரே சான்றிதழ் அந்தக் கைதான்.

வழியில் ஓர் ஆஸ்பத்திரி. உள்ளே போய்ப் படுத்தேன். ஆறு மருத்துவ மாணவர்கள் வாங்கை இழுத்துப்போட்டு என்னைச் சூழ்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு பிள்ளை துணியை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடித்தாள். இரத்தம் அடங்கத் தொடங்கியது.

கதவு திறந்தது. நரைத்த தலையோடு ஓர் அம்மா — அவர்களுடைய மருத்துவ பீடத்துக்குத் தலைவியான பீடாதிபதி.

அவ்வளவுதான்! ஆறு பேரும் துள்ளி எழுந்தார்கள்.

"குட் மோர்னிங், மேடம்!"

அழுத்திய கையும் கூடவே எழுந்துவிட்டது. என் இரத்தம் பழையபடி தரையில்.

அம்மா பாய்ந்து வந்து தானே அழுத்தினார்.

"ஆர் பிள்ளை எழும்பச் சொன்னது?"

"நீங்கள் வந்தனீங்கள், மேடம்..."

"நான் வந்தால் இரத்தம் நிண்டிடுமோ?"

என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கச் சொன்னார். "நரம்பு தப்பீட்டுது. ஒரு மாசம் பாரம் தூக்கக்கூடாது." மூச்சு வந்தது எனக்கு.

தைத்தபடியே கதைத்தார். குருநகர்க்காரி. வெளிநாட்டு இராணுவம் ஒன்றில் இருபது வருடம் சத்திரசிகிச்சை செய்தவர்.

"கூடாரத்துக்குள்ளை ஜெனரல் வந்தாலும் நாங்கள் சல்யூட் அடிக்கிறேல்லை. காயத்திலை வைச்ச கை அங்கைதான் இருக்கும். சண்டைக்காரருக்கே அதைப் பழக்கினன். இஞ்சை மூண்டு வருசமாய் மல்லுக்கட்டுறன், இந்த எழும்பி நிக்கிற மரியாதையை வெல்ல முடியேல்லை. ஆனால், விடமாட்டன்!"

பிறகு என்னைப் பார்த்தார். "ஒரு மாசத்துக்குப் படுத்திருக்கிற வேலை ஒண்டு இருக்கு. வாறீங்களோ?"

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் காலை சேர்ந்தேன். சிவப்புச் சாயம் பூசி, காயப்பட்டவனாகப் படுத்திருக்க வேண்டும். அம்மா உள்ளே வரும்போது எந்தப் பிள்ளையாவது கையை எடுத்தால், நான் உடனே செத்துவிட வேண்டும்.

மதியத்துக்குள் ஒன்பது தரம் செத்தேன்.

பத்தாவது தரம் கதவு திறந்தது. அம்மா வந்தார். ஆறு பேரில் ஒருவரும் அசையவில்லை. நேற்றுக் கையை விட்ட அதே பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு கை காயத்திலேயே இருக்க, மற்றக் கையை என் நெஞ்சில் வைத்து அமத்தினாள்.

"படுங்கோ ஐயா! நீங்கள் எங்கை எழும்புறியள்?"

ஏழு வருடப் பள்ளிப்படிப்பில் எனக்கு ஒழுங்காக ஏறியது, வாத்தியார் வந்தால் எழும்பி நிற்பது ஒன்றுதான்!