தெர்மோஸ்டாட்டைக் குறைக்க மறந்த வீடு

1

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி பாய்லரில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் நான். நீராவியைப் பார்த்தே பாதி ஆயுசு போயிற்று. காலை ஷிஃப்டில் வால்வைத் திறந்ததும் அது வெள்ளையாக எழும்பி, ஷெட்டுக்குள் விழும் வெயிலில் மெல்லக் கரையும். வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன். "ஏழுமல, நீ கனா கண்டுக்கினு நின்னா பிரஷர் கேஜை எவன் பாக்குறது?" என்று ஃபோர்மேன் கத்துவார்.

ஓய்வுக்குப் பிறகு திருவள்ளூரில் கீசர் சர்வீஸ் ஆரம்பித்தேன். பாய்லர்காரனுக்கு ஒரு திமிர் உண்டு. தண்ணீர் கொதித்தால்தான் வேலை சுத்தம் என்று நினைப்பான். எனக்கும் அது இருந்தது.

2

பெருமாள் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், அங்கே பூஜை செய்கிற பட்டர் வீடு. மார்கழி மாதம். அவருடைய மருமகள் கோமளா மாமி கூப்பிட்டார்.

"ஏழுமலை, தண்ணி சுடவே மாட்டேங்கறது. மாமனார் கார்த்தால தீர்த்தமாடிட்டுக் கோயிலுக்குப் போகணும். நடுங்கறார், பாவம்."

கழற்றிப் பார்த்தேன். போர் தண்ணீர் உப்பு, சூடேற்றும் காயிலில் கட்டி கட்டியாகப் படிந்திருந்தது. புதுக் காயில் கைவசம் இல்லை. "கவலைய உடுங்க மாமி" என்று, சூட்டின் அளவை வைக்கிற தெர்மோஸ்டாட் திருகை முழுசாக ஏற்றிவிட்டு வந்தேன். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்கிற குறுக்கு வழிதான்.

அடுத்த வாரம் காயிலை மாற்றி, டேங்கையும் சுரண்டிக் கழுவினேன். குழாயைத் திறந்தால் குபுகுபுவென்று ஆவி. ஜன்னல் வெயிலில் அது சுழன்று சுழன்று போவதைப் பார்த்ததும் என் பழைய ஷெட்டே அந்தக் குளியலறைக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அந்த மயக்கத்திலேயே மூடியை மாட்டிவிட்டேன். பழைய காயிலுக்காக ஏற்றிய திருகை இறக்கவில்லை.

3

மூன்றாம் நாள் மாமி போன் செய்தார். "மாமனார் கால் வெந்து போயிடுத்து."

பட்டருக்கு நாள்பட்ட சர்க்கரை. பாதம் மரத்துவிட்டது. குளிப்பதற்கு முன் வெந்நீர்க் குழாயடியில் கால் அலம்புவது அவர் வழக்கம். அத்தனை நாளும் வெதுவெதுப்பாக வந்த குழாய்தானே! நான் போனபோது கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"சூடே தெரியலப்பா. நனையறதுன்னு மட்டும் தெரிஞ்சுது" என்றார்.

மாமி பதறிப்போய்ப் பற்பசையைத் தடவியிருக்கிறார். டாக்டர் திட்டினாராம். வெந்த இடத்தைக் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்ட வேண்டும், வேறு எதையும் பூசக் கூடாது என்றாராம். புண் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றும் சொல்லியிருந்தார். அது போக, நீர் வடிகிற புண்ணோடு சந்நிதிக்குள் போக முடியாது. பெருமாள் கைங்கரியத்தை விட்டால் அந்த மனிதருக்கு வேறு உலகம் கிடையாது.

என்னை யாரும் சந்தேகப்படவில்லை. "என் சர்க்கரைக்கு நீ என்ன பண்ணுவே?" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். கீசரைப் பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். குழாயில் தெர்மாமீட்டரைப் பிடித்தேன். எழுபத்திரண்டு டிகிரி. அறுபதைத் தாண்டினாலே சில விநாடி போதும், தோல் போய்விடும். திருகை இறக்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. வெளியே வந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுக்குப் பேரு ரிப்பேரா? பாவி! போங்கோ வெளியில!" என்று மாமி கத்தினார்.

"குறைச்சு வச்சிட்டுப் போறேன் மாமி. அப்பால எவ்ளோ வேணாலும் திட்டுங்க."

 பட்டர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். அவரும் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

4

அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ஐம்பது டிகிரியில் வைத்து, குழாயில் அளந்து காட்டிவிட்டுத்தான் மூடியைப் பூட்டுகிறேன். நம் ஆட்கள் வெந்நீரைப் பிடித்துவிட்டு அப்புறம் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவார்கள். அதை மாற்றச் சொல்கிறேன். வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். முழங்கையை விட்டுப் பார்த்த பிறகுதான் உடம்பில் ஊற்ற வேண்டும். குழந்தைக்கும் சர்க்கரைக்காரருக்கும் வேறொருவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இன்னா நைனா, கொதிக்காத கீசரு இன்னாத்துக்கு?" என்று சண்டைக்கு வருகிறார்கள். வரட்டும்.

5

பங்குனியில் மாமியிடமிருந்து போன். "உங்களை வரச் சொல்றார்." அவ்வளவுதான் சொன்னார்.

பயந்துகொண்டே போனேன். கீசரில் ஒரு கோளாறும் இல்லை. புண் ஆறி, பாதத்தில் இளந்தோல் ரோஸ் நிறத்தில் மூடியிருந்தது. ஐந்து விரலும் இருந்தன. கட்டுப் பிரித்த பிறகு, கால் நனைய அன்றுதான் முதல் குளியல். குளித்ததும் கோயிலுக்குப் போக வேண்டும். வாளி நிறைந்திருந்தது. அவரோ காலை மடக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"கோமளா கை விட்டுப் பார்த்துட்டா. இருந்தாலும் பயமா இருக்கு. நீ ஒரு தரம் பார்த்துச் சொல்லு."

முழங்கையை வாளிக்குள் விட்டேன். இளஞ்சூடு. தண்ணீரிலிருந்து மெல்லிசாக ஆவி எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவே கலைந்துகொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"ஊத்திக்கலாம் சாமி."

அவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டினார்.