வெலிச்காவின் வலது கன்னம்

ராலிட்சாவுக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். சாமான்களை இழுத்து நகர்த்துவாள். ரூசே நகரில் அவள் போட்டோ ஸ்டுடியோவை ஒட்டி ரொட்டிக்கடை வைத்திருப்பவர்களுக்கு அது பழக்கம். கணவன் வீட்டை விட்டுப் போன வாரம் முழுக்க அலமாரிகள் இடம் மாறிக்கொண்டே இருந்தன. பெயிண்ட் ஆலையின் செய்தித் தொடர்பாளர் கோச்செவ் வந்துபோன அன்றும் அப்படித்தான்.

ஆலையில் தீப்பிடித்து ஓராண்டு ஆகியிருந்தது. பிழைத்த தொழிலாளர்களைப் படமெடுத்து நகரக் கலைமன்றத்தில் வைக்க ஏற்பாடு. ராலிட்சா பெரிய பிலிம் காமிராவில் எடுத்தாள். ஒவ்வொரு நெகட்டிவும் நோட்டுப்புத்தக அகலம். கம்ப்யூட்டரில் தழும்பைச் சேர்த்தார்கள் என்று ஆலைக்காரன் எவனும் பேசிவிடக் கூடாது.

“முகத்துக்கு நேரா, மெத்துனு ஒரு லைட் போடுங்களேன் மேடம். பார்க்கிறவங்க மிரண்டுடக் கூடாதில்ல,” என்றார் கோச்செவ்.

“யாரு மிரளுவாங்க? உங்க முதலாளியா?”

அவர் போனதும் பிளாஷ் விளக்கைப் பக்கவாட்டில் தள்ளினாள். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சம் தோலின் ஒரு மடிப்பையும் மறைக்காது. காலி முக்காலியின் மேல் வெளிச்சம் அளக்கும் மீட்டரைப் பிடித்துப் பார்த்தாள். ஆனால் லென்சுக்கும் பிலிமுக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தியைப் பற்றி மீட்டருக்குத் தெரியாது. முகத்தை உள்ளது உள்ளபடி அதே அளவில் பிலிமில் பதிக்கத் துருத்தியை இரு மடங்கு இழுக்க வேண்டும். பிலிமுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். பிளாஷ் விளக்கோ ஏற்கனவே முழுச் சக்தியில் இருந்தது. ஆகவே அறையை இருட்டாக்கி, ஷட்டரைத் திறந்தே வைத்து, நான்கு முறை பிளாஷ் அடிப்பது என்று முடிவு செய்தாள்.

பேக்கிங் பிரிவில் வேலை பார்த்த வெலிச்கா வந்தாள். வலது கன்னம் கழுத்துவரை உருகி இறுகியிருந்தது. “இந்தப் பக்கத்தையே எடு அக்கா. அவனுங்க பார்க்கட்டும்,” என்று உட்கார்ந்தாள்.

ராலிட்சா அறை விளக்கை அணைத்தாள். முதல் பிளாஷ். இரண்டாவதில் முக்காலி உருண்டது. அறை விளக்கைப் போட்டபோது வெலிச்கா இரு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

“அன்னைக்கும் இதே மாதிரி தான். கரண்ட் போச்சு. அப்புறம் வெள்ளையா ஒண்ணு. அப்புறம் இன்னொண்ணு,” என்றாள்.

ராலிட்சாவுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. வெளிச்சத்துக்கு எல்லாக் கணக்கும் போட்டவள் இதை யோசிக்கவே இல்லை.

“போதும்மா. நீ வீட்டுக்குப் போ.”

“ஏன் போகணும்? கோச்செவ் சந்தோஷப்படவா? ஒண்ணு வந்தா தாங்கிக்குவேன். அடுத்தது எப்ப வரும்னு காத்திருக்கத்தான் முடியல.”

ராலிட்சா பிளாஷ் விளக்கை முக்காலியை நோக்கித் தரதரவென்று இழுத்தாள். தூரத்தைப் பாதியாக்கினால் வெளிச்சம் நான்கு மடங்கு. ஒரே அடி போதும். இடப்பக்கம் இருட்டில் போய்விடும், போகட்டும். அறை விளக்கை எரியவிட்டு, மீட்டரை அந்தக் கன்னத்தருகே பிடித்து, பிளாஷின் பொத்தானை வெலிச்காவின் விரலடியில் வைத்தாள்.

“நீயே அழுத்து. எப்போ வேணும்னு தோணுதோ அப்போ.”

வெலிச்கா அழுத்தினாள். உடல் குலுங்கியது, ஆனால் எழவில்லை. மீட்டரில் வேண்டிய எண் வந்திருந்தது. பிலிமைச் செருகி, அழுத்தினால் பிளாஷும் சேர்ந்து அடிக்கும் ஷட்டர் கம்பியையும் அவளிடமே கொடுத்தாள் ராலிட்சா. வெலிச்கா காமிராவைத் திட்டப்போகிறவள் போல முறைத்துக்கொண்டு அழுத்தினாள்.

படம் அந்த முறைப்போடு வந்தது. திறப்பு விழா அன்று மற்ற படங்கள் கூடத்தில் இருக்க, வெலிச்காவின் படம் மட்டும் கோட்டு மாட்டும் இடத்துக்குப் பின்னால் தொங்கியது.

“கோச்செவ் கேட்டுக்கிட்டாரு. குழந்தைங்கல்லாம் வராங்க,” என்றார் மன்றத் தலைவர்.

“என் வீட்டுலயும் குழந்தைங்க இருக்கு. தினமும் இந்த மூஞ்சியத்தான் பார்க்குதுங்க,” என்று வெலிச்கா படத்தைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இருவரும் கடைவீதி வழியே நடந்து வந்து, ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் தெருவைப் பார்த்து அதை மாட்டினார்கள்.

கோச்செவ் பக்கத்து ரொட்டிக்கடையில் பனித்சா என்னும் பாலாடைக்கட்டிப் பலகாரம் வாங்க வருவதை நிறுத்திவிட்டார். சில நாள் கழித்து, மற்ற தொழிலாளர்கள் கூடத்திலிருந்து தங்கள் படங்களையும் கழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்கள். ஜன்னலில் இடமில்லை. ராலிட்சா அங்கே விளம்பரத்துக்கு மாட்டியிருந்த கல்யாணப் படங்களையெல்லாம் இறக்க ஆரம்பித்தாள்.