கணக்கில் சேராத ஆட்டக்காரன்

இராஜேந்திரனைப் பற்றி எழுதுவதென்றால் அவன் செத்த கதையிலிருந்துதான் தொடங்கவேண்டும். அவனைச் சாகடித்தவன் நான். எண்பத்துநாலாம் ஆண்டு மாசி மாதம், சுவிஸில் எனக்கு நடந்த முதல் அகதி விசாரணையில், என் கூட்டாளி இராஜேந்திரனை எங்கள் ஊர் மல்லாகத்தில் என் கண் முன்னால் ஆமி சுட்டது, அடுத்தது என்னைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக் கையெழுத்தும் வைத்தேன். அந்த நேரம் அவன் மல்லாகத்துச் சைக்கிள் கடையில் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சாவு இல்லாவிட்டால் கேஸ் நிற்காது என்று எனக்கு முதல் வந்தவர்கள் சொல்லித்தந்திருந்தார்கள். தாயைச் சாகடிக்க மனம் வரவில்லை. தம்பியைச் சொல்ல நாக்கு எழவில்லை. சிநேகிதன் என்றால் கோபிக்கமாட்டான் என்று நினைத்தேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். அவ்வளவுதான் என் யோசனை.

எண்பத்தாறு ஐப்பசியில் அவனே பாசல் ஸ்டேஷனில் வந்து இறங்கினான். முந்தின வருடம் ஆமி அவனை உண்மையாகவே பிடித்து மூன்று மாதம் வைத்திருந்தது. வலது தோள்மூட்டை உடைத்துத்தான் விட்டார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த துண்டுக் கடதாசியைச் சட்டைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்தான். அகதியாகப் பதியப் போகுமுன் என்னைக் காணவேண்டும் என்று போன் பண்ணியிருந்தான். ஸ்டேஷன் வாங்கில் உட்காரவைத்தே சொல்லிப்போட்டேன்.

"மச்சான், நீ இஞ்சை செத்தவன்."

அவன் சிரித்தான். "எப்பிடிச் செத்தனான்?"

"சுட்டவை."

"எத்தினை வெடி?"

"ரண்டு."

"ரண்டோட செத்திட்டனோ? என்னடா, இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிக்க விட்டிருக்கலாமே."

பிறகு சிரிப்பு நின்றது. என் கேஸ் இன்னும் முடியவில்லை. முடிந்தால்தான் ஊரிலிருக்கிற மனைவியையும் மூன்று பெட்டைப்பிள்ளைகளையும் கூப்பிடலாம். செத்தவன் தன் பெயரோடு வந்து நின்றால் நான் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும். இதை நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. "அப்ப என்ன பேரிலை பதியட்டும்?" என்று அவனே கேட்டான். வாயில் வந்த என் மாமனாரின் பெயரைச் சொன்னேன். அன்று பின்னேரம் அவன் சண்முகலிங்கம் ஆனான்.

எங்கள் நேரத்துக்கு அவனையும் சூக் மாநிலத்துக்கே அனுப்பினார்கள். நான் வேலைசெய்த உணவகத்திலேயே கோப்பை கழுவ வந்து சேர்ந்தான். இடது கையால்தான் கழுவுவான்.

சூக்கில் அமெரிக்கக் கொம்பனிகள் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அந்த ஆட்கள் பெரிய மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். எண்பத்தேழு வைகாசியில் ஒருநாள் அங்கே பெரிய சத்தம். பரிமாறுகிற திரேசா கோப்பைகளோடு உள்ளே வந்து, அவற்றை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக் காட்டினாள். எங்களோடு வேலைசெய்த சிறீதரன், பருத்தித்துறைப் பெடியன், இங்கிலிஷ் தெரிந்தவன். கதவடியில் நின்று கேட்டுவிட்டு வந்தான்.

"பேஸ்போல் சண்டை, அண்ணை. இப்ப உயிரோட இருக்கிற ஆட்டக்காரரிலை ஆர் பெரியவன் எண்டு. ஒருத்தர் செத்த ஆளின்ரை பேரைச் சொல்லிப்போட்டார். செத்தவன் கணக்கிலை இல்லையாம். மற்றவர் கரண்டியை எறியாத குறை."

"என்ன பெரிய பேஸ்போல்?" என்றேன். "எங்கட எல்லே விளையாட்டுத்தானே. தடியாலை அடிச்சிட்டு நாலு பக்கமும் ஓடி வாறது."

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சிறீதரன் பிடித்துக்கொண்டான்.

"எல்லே எண்டால் உங்கட மல்லாகத்து இராஜேந்திரன்தான் அண்ணை! சின்னனிலை ஒருக்கால் பாத்தனான். அடிச்ச பந்து பள்ளிக்கூட மதிலுக்கு மேலாலை போய், றோட்டிலை போன பஸ்ஸுக்குள்ளை விழுந்தது. பஸ் பந்தையும் கொண்டு காங்கேசன்துறைக்குப் போயிட்டுது. ஆனால் அந்த மனிசனை ஆமி சுட்டதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அப்ப கணக்கிலை இல்லை."

விசாரணைக்கு ஒரு கதை, அறையில் இருக்கிறவர்களுக்கு ஒரு கதை என்று வைத்திருக்க ஏலாது. அதனால் எல்லாருக்கும் அதையேதான் சொல்லியிருந்தேன். சிறீதரன் தொட்டிப் பக்கம் திரும்பினான்.

"சண்முகலிங்கண்ணை, நீங்கள் என்ன சொல்லுறியள்? எல்லே பாத்திருக்கிறியளோ?"

"பாத்திருக்கிறன். அவன் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இல்லை. அடிப்பான், ஓட மாட்டான்."

"ஓட மாட்டாரோ? நீங்கள் தடியைத் தொட்டாவது இருப்பியளே? செத்த மனிசனைப் பற்றி அப்பிடிக் கதையாதேங்கோ அண்ணை, பாவம் பிடிக்கும்!"

இராஜேந்திரன் கழுவின கோப்பையையே திரும்பவும் கழுவினான். நான் குளிர் அறைக்குப் போய், எடுக்க ஒன்றுமில்லாமல் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அவனுக்கு மறுப்புக் கடிதம் வந்தது. சண்முகலிங்கத்துக்கென்று நாங்கள் கட்டின கதையை அவன் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு விதமாகச் சொல்லியிருந்தான். பொய் சொல்லத் தெரியாதவன். முப்பது நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். தேவாலயத்துக்காரர் நடத்தின ஆலோசனை நிலையம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மொழிபெயர்க்க வேறு ஆள் இல்லை. உணவகக் குசினியில் நான் பொறுக்கின ஜெர்மன்தான்.

அங்கேயிருந்த பெண் நல்லவள். கடிதத்தை வாசித்துவிட்டு, அடிபட்டதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா, ஒரேயொரு கடதாசி போதும் என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

இராஜேந்திரனின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றது. அந்தத் துண்டில் இருந்தது அவனுடைய சொந்தப் பெயர்.

"குடுக்கட்டே?" என்று கேட்டான்.

வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் துணிவில்லை. "உன்ரை விருப்பம்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். "உன்ரை மூத்தவளுக்கு இப்ப என்ன வயசு?"

"பதினொண்டு."

"இல்லையெண்டு சொல்லு."

இல்லை என்று நான்தான் அவளுக்கு ஜெர்மனில் சொன்னேன். அவள் ஒருமுறை திருப்பிக் கேட்டாள். நானும் திருப்பிச் சொன்னேன்.

மேன்முறையீடும் எடுபடவில்லை. அந்த மார்கழியில் இராஜேந்திரன் ஜெனீவாவரை ரயிலில் போய், அங்கிருந்து பிரான்சுக்குள் நடந்துபோனான். எந்தப் பெயரில் போனான் என்று சொல்லவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

என் கேஸ் எடுபட்டது. எண்பத்தொன்பது புரட்டாதியில் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். சூக்குக்கு வரும் ரயிலில் மனைவி ஜெயகௌரி கேட்டாள்:

"இராஜேந்திரன் அண்ணை ஏன் கூட்டிக்கொண்டு போக வரேல்லை?"

"பிரான்சிலை."

"அவரின்ரை அம்மா அவருக்கு ஒரு கடிதம் தந்துவிட்டவ. உறையிலை பேர் எழுதேல்லை. எந்தப் பேருக்கு எழுதவேணுமெண்டு உங்களைத்தான் கேக்கட்டாம்."

கடிதத்தை வாங்கினேன். நடுவில் மகள் யன்னலுக்கு வெளியே ஏரியைக் காட்டி என்னவோ கேட்டாள். எனக்குக் கேட்கவில்லை.